தானாய் மடியும் கம்பளி

"பதுளையில ஏதாச்சும் ஒரு முதியோர் இல்லத்துல என்னைய விட்டுரு தம்பி" என்றாள் கருப்பம்மா அக்கா. எனக்குச் சுரீரென்றது. வாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து அவள் எங்களோடுதான் இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டின் முன் காம்பறா, அந்த முதல் அறை, அவளுக்கு. விடிந்தால் எல்லாரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். என் மனைவி யசோதினி, கொழுந்தெடுக்கப் போகுமுன் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் அக்காவின் கம்பளியை மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

"ஏன்க்கா, அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"சேச்சே, அவ தங்கமான புள்ள. படுக்கையக்கூட மடிக்க வக்கில்லாம ஒருத்தி தலையில பாரமா கெடக்குறேனே, அதான்டா."

நான் வீட்டில் பின்னல் மெஷின் வைத்திருப்பவன். எல்ல ஊருக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரருக்கு விற்கிற ஹாஷிம் நானாவின் கடைக்குச் சால்வை பின்னிக் கொடுக்கிறேன். ஓரம் சுருளுகிறது என்று அந்த வாரம்தான் ஒரு கட்டுச் சால்வையைத் திருப்பி அனுப்பியிருந்தார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? பின்னலின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. விட்டால் சுருளத்தான் செய்யும். கோபத்தில் அந்தக் கட்டை எட்டி உதைத்தேன். உதைத்த பிறகுதான் புத்தி வந்தது. சுருளட்டுமே! அந்தச் சுருளலை வைத்தே அக்காவுக்குத் தானாய் மடிகிற ஒரு கம்பளி பின்னினால் என்ன?

ஒரு பட்டைக்கு முன்பக்கம், அடுத்த பட்டைக்குப் பின்பக்கம் என்று மாற்றி மாற்றிப் பின்னினேன். ஒன்று மேலே எழும்பியது, மற்றது உள்ளே பதுங்கியது. பட்டையின் அகலம் சரியாக வரும்வரை பிரித்துப் பிரித்துப் பின்னியதில் மெஷினையும் என்னையும் சேர்த்தே திட்டினாள் யசோதினி. கடைசியில் ஒரு கம்பளி தேறியது. ஒரு முனையைத் தலைமாட்டில் கட்டி, மறுமுனையை இழுத்துக் கால்மாட்டில் மெத்தைக்கடியில் சொருகினால் விரிந்து நிற்கும். உருவிவிட்டால் மடிப்பு மடிப்பாக ஒதுங்கிவிடும்.

மறுநாள் விடியற்காலையில் யசோதினி வழக்கம்போல வந்து கம்பளியை மடிக்கக் குனிந்தாள். அக்கா முந்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, இடது கையால் கால்மாட்டு ஓரத்தை உருவினாள். கம்பளி தானாகவே தலைமாட்டுக்கு ஒடுங்கி மடிந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

யசோதினி மட்டும் கையைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

"அப்ப இனி நான் வேணாமா மதினி?" அவள் கண் கலங்கிவிட்டது.

அக்கா கொஞ்சம் நகர்ந்து, மெத்தையில் பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"வாடி. நான் எங்கயும் போகல. இங்க வந்ததுலருந்து நீ எம் பக்கத்துல ஒக்காந்ததே இல்லையே."