வெள்ள வரைபடமும் மச்சான் கட்டிய மேடையும்

கப்பல் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து வெல்டிங் அடித்துவிட்டு வந்தால் இடுப்பு நிமிராது. அப்படி வந்த ஒரு மாலை, வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் கடிதம் மேசைமேல் கிடந்தது. அரசாங்கத்தின் புது வரைபடத்தில் என் வீடு வெள்ளப் பகுதியாம். வருஷம் மூவாயிரத்து இருநூறு டாலருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமாம். அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போகணும். இடுப்பு தாங்காது.

லூசியானாவில் எத்தனையோ புயல் பார்த்தாயிற்று. என் வாசல்படியைத் தண்ணீர் தொட்டதில்லை. பழைய பத்திரங்கள் இருக்கும் நீதிமன்றக் கட்டடத்தில் தேடி, வீடு கட்டிய காலத்து உயரப் பதிவை எடுத்தேன். கடல் மட்டத்திலிருந்து வெள்ள மட்டம் ஒன்பது அடி; மண் அதற்கு மேலே இருந்தால் வீட்டை வெள்ளப் பகுதியிலிருந்து எடுத்துவிடுவார்கள். வீட்டை ஒட்டிய மண் ஒன்பது அடி ஏழு அங்குலம். ஜெயித்தாயிற்று என்று, அளந்து சான்று எழுத சர்வேயர் ஏர்லின் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் கொல்லைப்பக்கம் போய் நின்றார்.

"இது பழைய பதிவு. இந்தப் பலகை மேடை எப்ப வந்துச்சு?"

"மச்சான் நோர்ரிஸ் கட்டினான். புனித வெள்ளிக்கு இறால் அவிச்சுக் கொட்ட."

"வீட்டோட சேத்து முடுக்கியிருக்கு. அப்ப இதுவும் வீடுதான். வீட்டைத் தொடுற மண்ணுல எது பள்ளமோ அதைத்தான் எழுதணும். கடைசிக் கால் ஓடைச் சரிவுல நிக்குது. எட்டு அடி எட்டு அங்குலம்."

"அங்க மண்ணக் கொட்டி மேடாக்கிடுறேன்."

"கொட்டுன மண்ணு செல்லாது. மேடையைத் தனியாப் பிரிச்சா வேற பேச்சு."

சனிக்கிழமை ரம்பத்தோடு கொல்லைக்குப் போனேன். மேடை நடுவில் நாற்காலி போட்டு, கையில் பீரோடு நோர்ரிஸ்.

"நூத்திப்பத்து திருகாணி மச்சான். ஒவ்வொண்ணும் என் கையால போட்டது."

"அதான் எல்லாம் கோணல். எந்திரி."

"மாட்டேன். அறு பாப்போம்."

சமையலறைக் கதவிலிருந்து என் மனைவி வெர்லி சொன்னாள்: "அறுய்யா. என் தம்பிதான், இல்லேங்கல. ஆனா வருசத்துக்கு மூவாயிரம் பெறமாட்டான்."

சுவரை ஒட்டி அறுத்தேன். வீட்டுப் பக்கம் மேடைக்குக் காலே வைக்கவில்லை அவன். நூற்றுப்பத்து திருகாணியும் சுவரை நம்பித்தான் இருந்தன. மேடை அந்தப் பக்கம் இறங்கியது. நாற்காலியோடு வழுக்கிவந்து சுவரில் முட்டி நின்றான். பீர் சிந்தவில்லை.

"இப்ப ரெண்டு கால் வையி," என்றான்.

வைத்தோம், வீட்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. ஏர்லின் அம்மா மறுபடி வந்து அளந்து ஒன்பது அடி ஏழு என்று எழுதினார். அதை அரசாங்கத்துக்கு அனுப்பினேன்; இரண்டு மாதத்தில் வீடு வெள்ளப் பகுதியில் இல்லை என்று கடிதம் வந்தது. வங்கியும் இன்ஷூரன்ஸை விட்டுவிட்டது.

இரண்டாம் தடவை அளந்த கூலி இருநூறு டாலர் ஏர்லின் அம்மாவுக்கு இன்னும் பாக்கி.