பஸ் நிலையத்தில் நின்றவள்

வெண்டலுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வார இறுதி அது. ஊரில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவனுக்கு, வெளியே பனி கொட்டும்போது சோபாவில் காலை நீட்டிக் கிடப்பது தாங்க முடியாததாக இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தன் வண்டியை ஓட்டும் மாற்று ஆளைத் திட்டிக்கொண்டே இருந்தான்.

"தெருவைத் தள்றானா, இல்ல தலை சீவி விடறானா அவன்?"

அவன் மனைவி லோர்னாவுக்குக் காது புளித்துவிட்டது. திரையை இழுத்து மூடிவிட்டு, படம் பார்க்கலாம் என்றாள். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி. அவனுக்குப் பிடித்தவை விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகள். அடிபட்டு, தோற்று, கடைசியில் மழையில் நனைந்தபடி ஜெயிப்பவர்கள். அவளுக்குக் காதல் படங்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் ரசனையை மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து வந்தவர்கள்தான்.

சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. வலி மாத்திரை வேறு வெண்டலைக் கிறக்கத்தில் வைத்திருந்தது.

"இவ எதுக்கு அந்தக் குத்துச்சண்டைக்காரன விட்டுட்டுப் போறா? நல்லவன்தானே?"

"அது நேத்து பாத்த படம். இவன் வக்கீல்."

"அப்ப இவனுக்கு யாரு மூக்க உடைச்சது?"

"யாரும் உடைக்கல. அவன் மூக்கே அப்படித்தான்."

அடுத்தது அவன் முறை. புதிதாக வந்த ஒன்றைப் போட்டான். அந்த ஊரிலேயே பிறந்து, பனிச்சறுக்குப் பலகையோடு மலைமுகட்டிலிருந்து பறந்து பேர் வாங்கிய ரெய்னோ ரன்டனெனின் கதை. ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. வெண்டல் பக்கத்து மாநிலமான விஸ்கான்சின்காரன், ரெய்னோ ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் கழித்து இங்கே வந்தவன். ரெய்னோவைத் தனக்குத் தெரியும் என்று லோர்னா அவனிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் சேர்ந்து சுற்றியதைச் சொன்னாளா என்பது அவளுக்கே நினைவில்லை. மறைக்க வேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயமாக அவளுக்குப் பட்டதும் இல்லை.

படத்தின் பாதியில் ஒரு பெண் வந்தாள். ஏமி என்று பேர். பேக்கரியில் வேலை, கன்னத்தில் மாவு. ரெய்னோ பயிற்சிக்காக ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடி வந்தாள். ஏலக்காய் ரொட்டி நிறைந்த காகிதப் பையை அவன் கையில் திணித்தாள். "நான் நிக்கிற பக்கம் பாக்காத. நேரா பாத்து குதி," என்றாள். பஸ் கிளம்பியது. அவள் பனியில் நின்றாள்.

லோர்னா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வெண்டல் படத்தை நிறுத்தினான்.

"நீ பேக்கரியில வேல பாத்தேல்ல?"

"ஆமா."

"இந்தப் பொண்ணு நீயா?"

"தெரியல."

"தெரியலன்னா? நீயா இல்லையான்னு உனக்கே தெரியாதா?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ரொட்டிப் பையைக் குடுத்தேன். அது ஞாபகம் இருக்கு. ஆனா வசனமெல்லாம் பேசல. பேசின மாதிரி இல்ல."

சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்த வார்த்தைகள் இப்போது தன் குரலிலேயே காதுக்குள் ஒலித்தன. இத்தனை வருஷமாக அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பஸ் போன பிறகு, நனைந்த காலணிக்குள் விரல்கள் மரத்துப்போனது. இப்போது அதற்கு மேல் வசனமும், பின்னணியில் வயலினும் சேர்ந்துகொண்டன.

வெண்டலின் கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒருத்தன அனுப்பி வெச்சிட்டு, என்னைப் போய் எதுக்குக் கட்டிக்கிட்ட?"

அவன் கேட்டதில் பொறாமை இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அதுதான் அவளைக் கஷ்டப்படுத்தியது. பொறாமைப்பட்டிருந்தால் திட்டியிருக்கலாம். சூப்பைச் சூடு பண்ணுகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

ஞாயிறு காலை மார்லிஸ் வந்தாள். லோர்னாவோடு அதே பேக்கரியில் வேலை பார்த்தவள், இன்றும் வாரம் ஒருமுறை வந்து போகிறவள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டிகளை மேசை மேல் வைத்துவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"படம் பாத்தியாடி? என்னைய அப்படியே காட்டிட்டானுங்க!"

"உன்னையா?"

"பின்ன? அந்தச் சிவப்புக் கோட்டு யாரோடது?"

"உன்னோடதுதான். நான் இரவல் வாங்கிட்டுப் போனேன்."

"நீ எங்கடி போன? உனக்கு அன்னைக்குக் காய்ச்சல். எந்திரிக்கவே முடியல. பையை எங்கிட்ட குடுத்து நீதானே என்னை அனுப்புன!"

லோர்னா நாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வந்தது உண்மைதான். ஆனால் அது ஈஸ்டருக்கு அல்லவா? "என் காலு விறைச்சுப்போச்சுடி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்கும்தான் விறைச்சுப்போச்சு. இந்த ஊருல யாருக்குக் காலு விறைக்கல?"

வெண்டலுக்குத் திடீரென்று உற்சாகம் பிறந்துவிட்டது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். "பாருங்க, இவ இடது கையால குடுக்கறா. உங்கள்ல யாரு இடது கை?" இருவருமே இல்லை. பெண்கள் இருவரும் திரையையும் ஒருவரையொருவரும் மாறி மாறி முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் மார்லிஸ் கைப்பேசியை எடுத்தாள். ரெய்னோவின் தங்கை அவள் போகும் தேவாலயத்துக்குத்தான் வருவாள். அவளிடம் எண் வாங்கி, கொலராடோவில் இருந்த ரெய்னோவையே அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தாள்.

"மார்லிஸா? எந்த மார்லிஸ்?" கரகரத்த, சந்தோஷமான குரல். கொஞ்சம் விளக்கிய பிறகு, "அட, பேக்கரி! சொல்லு சொல்லு," என்றான்.

"ரெய்னோ, நீ கிளம்பின அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது நானா, லோர்னாவா?"

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"பஸ் ஏறிப் போனேல்ல?"

"நான் எங்க பஸ்ல போனேன்? எங்கப்பா ட்ரக்குல கொண்டுபோய் விட்டாரு. வழி முழுக்க ஒரு வார்த்த பேசல மனுஷன். அதையும் சொன்னேன் படம் எடுத்தவங்ககிட்ட. அது படத்துக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க."

வெண்டல் திரையில் நின்றிருந்த பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்று லோர்னா கேட்டாள்.

"பொண்ணு யாராவது இருந்தாளான்னு கேட்டாங்க. ஒண்ணு ரெண்டு பேரு இருந்தாங்கன்னேன். ஒருத்திதான் வேணும்னாங்க. ஊருல வேற என்ன பிடிக்கும்னு கேட்டாங்க. ஏலக்காய் ரொட்டின்னேன். இப்ப பேசறது லோர்னாதானே? நீதானே எனக்கு நீந்தக் கத்துக்குடுத்த?"

லோர்னாவுக்கு நீச்சலே தெரியாது. "ஆமா," என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவன் அழைப்பைத் துண்டித்ததும் மார்லிஸ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "எத்தன தடவ தலைகுப்புற விழுந்திருக்கான், அவன் பேச்சைப் போய் நம்புறதா," என்று பேஸ்டியைப் பிட்டாள்.

"அப்ப நேத்து நான் யாருக்காக அழுதேன்?" என்றான் வெண்டல். மார்லிஸ் ஒரு பேஸ்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

மார்லிஸ் கிளம்பும்போது வாசலில் லோர்னாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நீயே போனதா வெச்சுக்கோடி," என்றாள். "இல்ல, நீயே வெச்சுக்கோ," என்றாள் லோர்னா. இரண்டு பேரும் அதை மனதாரத்தான் சொன்னார்கள். ஆனாலும் கார் தெருமுனை திரும்பும்வரை லோர்னா யோசித்துக்கொண்டே நின்றாள். விரல்கள் மரத்தது பொய்யில்லை. ஒரு பஸ்ஸும் போனது. அதில் இருந்தது யார்? அண்ணன் ராணுவத்துக்குப் போன நாளாக இருக்குமோ? யாரையுமே வழியனுப்பாமல், தானே எங்கோ போவதற்குக் காத்து நின்ற நாளோ?

உள்ளே வந்தபோது வெண்டல் அவள் முறைக்கான காதல் படத்தைத் தேடி வைத்திருந்தான். உடனே போடவில்லை.

"என்னை எதுக்குக் கட்டிக்கிட்டன்னு நேத்து கேட்டேனே, அதுக்கு நீ பதிலே சொல்லல."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இது ஒன்றாவது நிச்சயமாகத் தெரியும் என்று தோன்றியது. "நீ கேட்ட, எனக்குப் பிடிச்சுது, சரின்னேன். உறைஞ்ச ஏரிமேல, மீன் பிடிக்கிற கொட்டகையில. குளுருல உன் பல்லு தந்தியடிச்சுது."

வெண்டல் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். "கொட்டகையா? உங்கம்மா சமையல்கட்டுல இல்ல கேட்டேன்? நீ உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தியே."

லோர்னா மறுத்துப் பேச வாயைத் திறந்தாள். அவன் முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. அந்த உருளைக்கிழங்குத் தோல்கூட அவன் கண்முன் கிடந்திருக்க வேண்டும்.

"சரின்னுதானே சொன்னேன்?" என்று கேட்டாள்.

"அதுல ஒண்ணும் மாத்தமில்ல."

"அப்ப காலைத் தூக்கு," என்று தலையணையைத் தட்டி அவன் முழங்காலுக்கு அடியில் வைத்தாள். படம் தொடங்கியது. ஒரு பெண் ரயிலைத் தவறவிட்டாள்.