விருந்துக்கு வந்த அழகுமுத்து

ஒன்பது வருடங்களுக்கு முன் செத்துப்போன அழகுமுத்து, தன் மருமகன் வீட்டில் நடந்த போர்பன் ருசிபார்க்கும் விருந்துக்கு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். புதைத்தபோது போட்டிருந்த அதே பழுப்புநிறச் சுவெட்டர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, காலியாகக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

விருந்து மருமகன் லோஜனுடைய யோசனை. டோஹாவில் ஒரு ஹோட்டலின் மதுச்சாலையில் ஆறு வருடம் வேலைபார்த்துவிட்டுத் திரும்பியவன், இரண்டு போத்தல்களை உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். சோளத்தில் வடித்து, உட்புறம் கருக்கிய மரப்பீப்பாயில் வருடக்கணக்காகப் போட்டுவைக்கும் அமெரிக்க விஸ்கிதான் போர்பன். அதை மடக்கென்று ஊற்றிக்கொள்ளாமல், முகர்ந்து, நாக்கில் உருட்டி, என்ன தெரிகிறதென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்படியும் ஒரு குடி இருக்கிறது என்று லயத்து வீடுகளின் ஆட்களுக்குக் காட்ட அவனுக்கு ஆசை.

அவன் மனைவி ஜெயந்தினி இதைக் கேட்டு இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. அவளுடைய அப்பாவைக் கொண்டுபோனது காட்டோரத்தில் வடிக்கிற கசிப்புச் சாராயம். பன்னிரண்டு வயதிலிருந்து, மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற காணுக்குள் விழுந்துகிடப்பவரைத் தேடித் தூக்கி வந்தவள் அவள். அவருக்கென்று மூடிவைத்த சோற்றையெல்லாம் நாய்தான் தின்றது. கடைசியில் ஆளுக்கு ஒரு விரல் அளவுதான், வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தாள். வடை சுட்டாள்.

வந்தவர்கள் மூன்று பேர். ஃபெக்டரி டீமேக்கர் தேயிலை ருசிபார்த்த பழக்கத்தில் சத்தமாக உறிஞ்சிவிட்டு, துப்ப இடம் தேடினார். பள்ளிக்கூட டீச்சர் வினோதா, வெனிலா போட்ட கேக் வாசம் வருகிறது என்றாள். ஹார்ட்வெயார் கடை றிஷாத் குடிக்கிறவர் இல்லை. சிநேகத்துக்காக வந்து, பிளேன்டீயோடு உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கும் லோஜன் அதே ஒரு விரல் அளவு ஊற்றினான். வடைத் தட்டோடு ஜெயந்தினி குசினி வாசலுக்கு வந்தாள். ஒன்பது வருடமாக அவள் மனதுக்குள் ஏசிச் சேர்த்துவைத்த அத்தனையும் தொண்டைவரைக்கும் வந்தது. கிளாஸ் காலியாகட்டும், பேசிக்கொள்கிறேன் என்று நின்றாள்.

அழகுமுத்து முகர்ந்தார். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன தெரியுதுங்க மாமா?" என்று லோஜன் கேட்டான்.

இன்னொரு முறை முகர்ந்தார். "கித்துள் பாணி மாதிரி ஒரு தித்திப்பு. அப்புறம் அடுப்புல எரிஞ்ச கட்ட வாசம்." பிறகு கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் ருசின்னு ஒன்னு இருக்குன்னே எனக்குத் தெரியாதுப்பா."

லோஜன் இன்னும் கொஞ்சம் ஊற்றப்போனான். அழகுமுத்து கிளாஸை உள்ளங்கையால் மூடினார். அதில் பாதி மிச்சமிருந்தது.

"போதும்," என்றார்.

ஐம்பத்திமூன்று வயதில் சாகும்வரைக்கும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து ஜெயந்தினி கேட்டதில்லை. ஏச நினைத்ததெல்லாம் எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சூடா இருக்கு. சாப்பிடுங்கப்பா."

கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "வரேன் பாப்பா," என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று ஜெயந்தினி பார்த்தாள். காணோரமாகப் போகிற ஒற்றையடிப் பாதையில், யாரும் பிடிக்காமல், கால் பின்னாமல், நேராக நடந்து போய் வளைவில் திரும்பினார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். வினோதா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

இப்போது டோஹாவிலிருந்து யாராவது ஒரு போத்தல் கொண்டுவந்தால் விருந்து வைக்கிறார்கள். அவர் வருகிறார். ஜெயந்தினி அன்றைக்கு ஒரு சுண்டு அரிசி கூடப் போடுகிறாள். மழையென்றால் கொஞ்சம் சுணங்கித்தான் வருவார், அதுவரைக்கும் காத்திருப்பார்கள்.