கேட்காமல் துடைத்த நெற்றி

25.2.1998, புதன்கிழமை. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ரூபியின் நெற்றியில் இருந்த சாம்பலை, யார் பூசியது என்று கேட்காமலே துடைத்துவிட்டேன்.

எழுதியதை அல்போன்சா மறுபடி படித்தாள். ‘சிறு’ என்பதை அடித்தாள்.

அவளுக்குத் தட்டச்சு வகுப்பு தினமும் மாலை நாலிலிருந்து ஐந்து வரை. அந்த ஒரு மணி நேரமும் எல்.கே.ஜி. படிக்கும் மகள் ரூபி பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரியிடம் இருப்பாள். பள்ளிக்கூட ஆட்டோவிலிருந்து பிள்ளையை இறக்கி, பால் கொடுத்து, டி.வி. முன்னால் உட்கார வைப்பது அவள்தான். புவனேஸ்வரியிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, ஒன்றைத் தவிர. போன மாதம் ரூபிக்குக் காய்ச்சல் அடித்தபோது பழனி விபூதியை நெற்றி நிறையப் பூசிவிட்டிருந்தாள். அல்போன்சா அன்று வாயைத் திறக்கவில்லை. நோட்டில் மட்டும் எழுதினாள்: ‘டி.வி. ஒரு பக்கம், விபூதி ஒரு பக்கம். பிள்ளையை நம் கிறிஸ்தவ வேதத்தில் வளர்க்க எனக்குத் தெரியவில்லையோ?’

இன்று திருநீற்றுப் புதன். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தின் முதல் நாள். ஆறு மணிப் பூசையில் சாமியார் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசுவார். ரூபியைக் கூட்டிப்போக வகுப்பிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவள் கண்ணில் பிள்ளையின் நெற்றி பட்டது. நடுவில் சாம்பல் தீற்றல். சேலைத் தலைப்பை நனைத்து ஒரே துடைப்பு. பிள்ளை வீறிட்டது.

“இனிமே பூசாதீங்கக்கா.”

“நான் எங்கத்தா பூசுனேன்? ஆட்டோவ விட்டு எறங்கயிலயே அப்படித்தான் இருந்துச்சு.”

“சரிக்கா” என்றாள் அல்போன்சா. அது எந்தச் ‘சரி’ என்று புவனேஸ்வரிக்குத் தெரியாதா? முகம் சுண்டிப்போனது.

கோயிலில் வரிசை நகர்ந்து சாமியார் முன்னால் போனதும், ரூபி இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கு வேணாம். அம்மா துடைச்சிருவாங்க.”

பின்னால் நின்ற அவளுடைய டீச்சர், சிஸ்டர் கிளாரா, குனிந்தார். “மத்தியானம் ஃபாதர் ஸ்கூலுக்கு வந்து பூசுனப்ப முதல் ஆளா நின்னியே. இப்ப என்னவாம்?”

அல்போன்சாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கம்பக்கத்து விபூதியை நினைத்துப் பயந்து பயந்து, கடைசியில் பிள்ளை கோயில் சாம்பலுக்கு அஞ்சும்படி செய்தது தான்தானே. அங்கேயே முழங்காலில் நின்றாள். சாமியார் அவள் நெற்றியில் சிலுவை வரைந்ததும் அதை ரூபியின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

“பாரு, அம்மா துடைக்கல. உன்னோடதையும் துடைச்சிருக்கக் கூடாது.”

ரூபி ஒரு கையை எடுத்தாள். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மற்றதையும் எடுத்தாள்.

பூசை முடிந்து நேரே புவனேஸ்வரி வீட்டுக்குப் போனார்கள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் இரண்டு நெற்றிகளையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னத்தா, இப்ப நான் தண்ணி தொட்டுத் துடைக்க வரட்டுமா?”

“நீங்க சொன்னத நம்பாமப் போயிட்டேன்க்கா. தப்பு என்மேலதான்.”

“காய்ச்சலப்பப் பூசுனது நெசம். பிள்ளை முனகுச்சு, கை தானாப் போயிருச்சு. வேணாம்னா அன்னிக்கே சொல்லத் தெரியாதா, ஊமக்கோட்டான்?”

“விபூதி வேணாம்க்கா. எதுன்னாலும் என்னைய ஒரு வார்த்தை கேளுங்க.”

“சரித்தா. நீயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத் துடை.”

அல்போன்சா சிரித்துவிட்டாள். ரூபி அதற்குள் புவனேஸ்வரியின் மடியில் ஏறியாயிற்று.

“ஏன் கண்ணு, இது எதுக்குப் பூசுறாங்க?” என்று புவனேஸ்வரி கேட்டாள்.

“எல்லாருக்கும் பூசுனாங்க” என்ற ரூபி, அதற்கு மேல் தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். நாலு வயசுக்கு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து நோட்டில் கடைசி வரியை எழுதினாள்: ‘நாளை வியாழன். பள்ளிக்கூட ஆட்டோ வருமுன், சாம்பல் எதற்கென்று ரூபிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.’