எருப் போட்டால் சாகிற செடி

எண்பத்தாறு டொலர். ரோவில் என்ற புறநகரில் ஜெயரட்ணம் கட்டிய புது வீட்டின் முன்வளவைக் கொத்தி, இரண்டு சனி ஞாயிறும் குனிந்த முதுகு நிமிராமல் செடி நட்டதற்கும் எரு வாங்கிப் போட்டதற்கும் நித்தியானந்தனுக்கு வரவேண்டிய காசு அது. மூன்று மாதமாக ஒரு சதம் வரவில்லை. கிளேட்டனில் அவன் இருந்த அறைக்கு வாடகை நின்றுபோய், வெள்ளிக்குள் கட்டாவிட்டால் பெட்டியைத் தெருவில் வைப்பேன் என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டான்.

எழுபத்தாறாம் ஆண்டு எழும்பிய அந்தக் குடியிருப்பில் ஒரு சட்டம் இருந்தது. முன்வளவில் இந்த நாட்டுச் செடிதான் நிற்க வேண்டும். ரோசா கூடாது, புல்தரை கூடாது, வேலியும் கூடாது. செடி பிடித்திருக்கிறதா என்று குடியிருப்பு அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்டம்.

சனிக்கிழமை காலை அவன் போய் நின்றபோது நட்ட முப்பதும் கருகி நின்றன.

"காசோ?" என்றார் ஜெயரட்ணம். "கண்ணைத் திறந்து பாரும். தண்டக் கடுதாசி வந்திருக்கு. உம்மட்ட நட்டஈடு கேக்காததுக்குச் சந்தோசப்படும்."

"நட்டதில பிழை இல்லை ஐயா. ஊரில, இணுவிலில பத்து வருசம் வெங்காயத் தோட்டம் செய்தனான்."

"இது இணுவிலும் இல்லை, வெங்காயமும் இல்லை."

அந்நேரம் அலுவலகத்து வெள்ளைக்காரி காரில் வந்து இறங்கினாள். ஒரு செடியைப் பிடுங்கி, வேர்மண்ணை மணந்து பார்த்து, ஜெயரட்ணத்திடம் ஏதோ சொன்னாள். அவர் மனைவி இரஞ்சிதம்தான் வாசலில் நின்று அதைத் தமிழில் சொன்னாள்.

"கோழி எருதானாம் சாகடிச்சது. சத்தில்லாத மண்ணில வளருற இந்தச் செடியளுக்கு அது நஞ்சாம்."

நித்தியானந்தனுக்குக் காது சுட்டது. குழிக்குக் குழி இரண்டு கை அள்ளிப் போட்டவன் அவன். ஒருவரும் கேட்காமல் அவனாகத்தான் தொடங்கினான். வெறும் குழியில் செடி வைக்க அவனுக்கு மனம் வராது.

"எருப் போட்டால் சாகிற செடியை எந்த விசரன் நடச் சொன்னவன்?" என்று கத்தினான்.

"அப்ப பிழை உம்மில." ஜெயரட்ணம் சிரித்தார்.

வெள்ளைக்காரி மறுபடி ஏதோ கேட்டாள். "எரு போடக்கூடாதெண்டு செடியோட ஒரு தாள் தந்தவையாம்," என்றாள் இரஞ்சிதம். "அது மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. இவர் பிரிச்சும் பார்க்கேல்லை."

"கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பார்த்தனீங்கள்!" நித்தியானந்தன் ஜெயரட்ணத்தின் பக்கம் திரும்பினான். "நான் எருப் போடேக்க, தாராளமாப் போடும் எண்டு சொன்னதும் நீங்கள்தான். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. படிச்ச உங்களுக்கு என்ன கேடு?"

"வெள்ளைக்காரிக்கு முன்னால சத்தம் போடாதையும்."

"கேக்கட்டும்! வடிவாக் கேக்கட்டும்!"

வெள்ளைக்காரி ஓரடி பின்வாங்கி, ஆறு கிழமைக்குள் திருப்பி நடவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரஞ்சிதம் உள்ளே போய்க் காசோடு வந்தாள். "பாதியைக் குடும். பிழை ரெண்டு பேரிலயும்," என்றார் ஜெயரட்ணம். அவள் திரும்பியும் பார்க்காமல் முழுவதையும் நீட்டினாள்.

அவன் எண்ணி, ஆறு டொலரைப் படியில் வைத்தான். "இது நான் வாங்கின எருவின்ர காசு. அது என்ர பிழை. எண்பது என்ர முதுகின்ர கூலி. கணக்கு முடிஞ்சுது."

"அப்ப திருப்பி நட எப்ப வாறீர்?"

"நீரே அந்தத் தாளை வாசிச்சு நடும்," என்றான் நித்தியானந்தன். ஐயா என்று சொல்லவில்லை.