ஈஸ்டர் ஞாயிறு, ஒன்பது கோப்பை

நியூசிலாந்தின் இன்வர்காகில் நகர அலுவலகங்களில் காபி இயந்திரம் வைத்து, காபிப் பொடியும் சாக்லேட் பொடியும் பாலும் போட்டுவருவது கிளெனிஸ் ராட்ரேயின் தொழில். டிசம்பரில், அந்த ஆண்டு எப்படிப் போனது என்று வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேடிக்கைக் கடிதம் எழுதுவாள். இம்முறை புதிதாக ஓர் ஆசை. புது இயந்திரங்கள்தான் ஒவ்வொரு கோப்பையையும் நாளும் மணியுமாகப் பதிந்து அனுப்புகின்றனவே! ஆளுக்கு அதிகம் குடித்த அலுவலகத்துக்கு ஒரு பாவ்லோவா கேக் கொடுத்தால் என்ன?

முதலிடத்தில் வந்தது ஐந்தே பேர் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகம்.

"மெஷின்ல கோளாறு இல்ல, பாஸ்," என்றான் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டவீட்டா. "சாக்லேட் பொடிதான் போட்டு மாளல."

"அங்க என்ன, குதிரை கட்டியிருக்காங்களா?" என்று சிரித்தாள் கிளெனிஸ்.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் கேக்கோடு போனார்கள். மேலாளர் ரோவீனா எல்லாரையும் கூப்பிட்டாள். கிளெனிஸ் பட்டியலைப் பிரித்தாள்.

"உங்கள்ல ஒருத்தர் சாக்லேட்லயே உயிர் வாழறீங்க! மன்னர் பிறந்தநாள் லீவுல எட்டு கப். ஈஸ்டர் ஞாயிறு ஒன்பது! மொத கப் காலைல ஆறு மணிக்கு!"

"ஈஸ்டருக்கு ஆபீஸ் பூட்டியில்ல கெடந்துச்சு?" என்றாள் ரோவீனா.

"டெஸ்தான் டெய்லி எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கிறாரு," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "என்ன டெஸ், இங்கயே குடித்தனமா?"

எல்லாரும் சிரித்தார்கள். வரைபடம் வரையும் டெஸ் கில்ராய் சிரிக்கவில்லை. அறுபத்தொரு வயது மனிதர். கையிலிருந்த காகிதத் தட்டு மடங்கி, கிரீம் வழிந்து அவர் ஷூவில் விழுந்தது. அவர் குனியவில்லை.

கிளெனிஸ் பட்டியலை மடித்துக்கொண்டாள். வாயிலிருந்து போன சொல்லை எப்படித் திரும்பப் பிடிப்பது?

"பிப்ரவரியில நான் வாடகைக்கு இருந்த வீட்ட வீட்டுக்காரர் வித்துட்டாரு," என்றார் டெஸ், தரையைப் பார்த்தபடி. "இருபத்தாறு எடம் பாத்தேன். எல்லாம் கைக்கு எட்டாத வாடகை. ரெண்டு வாரத்துக்குன்னுதான் இங்க படுத்தேன்."

"பத்து மாசமாவா?" என்றாள் ரோவீனா. "நான் தெனமும் உங்ககிட்ட குட்நைட் சொல்லிட்டுப் போறேனே, டெஸ்..."

வேனில் ஏறியதும் கிளெனிஸ் பட்டியலை மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

"நீங்க என்ன கண்டீங்க, பாஸ்?" என்றான் டவீட்டா.

"கண்டேனே! ஞாயிறு, லீவு நாளு, எல்லாம் எழுதியிருந்துச்சே. ஒரு மனுஷன் சாக்லேட்ட சோறா குடிக்கிறான்னு எனக்குத் தோணல. கேக்குதான் தோணுச்சு."

அன்று மாலையே ரோவீனா தன் வீட்டுக் கொல்லையிலிருந்த தனியறையை ஒழித்துக்கொடுத்தாள். டெஸ் இரண்டு பெட்டிகளோடு போய்ச் சேர்ந்தார். கிளெனிஸ் எழுதி வைத்திருந்த வேடிக்கைக் கடிதத்தைக் கிழித்துப்போட்டாள். நாளும் மணியும் பதிவதை எல்லா இயந்திரங்களிலும் நிறுத்தச் சொன்னாள்.

மூன்று நாள் கழித்துத்தான் டெஸ்ஸுக்குப் போன் செய்யத் தைரியம் வந்தது. மன்னிப்புக் கேட்டாள்.

"ரூம் நல்லாருக்கு. ரோவீனா நல்ல பொண்ணு," என்றார் டெஸ். "ஒண்ணு மட்டும் சொல்றேன் கிளெனிஸ். என்னைத் தனியா கூப்புட்டுக் கேட்டிருக்கலாம்."

"ஆமா, டெஸ்."

டெஸ் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.