ஐந்தாவது பேர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. இதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. உயிரோடு இருந்த ஒருவன் செத்தவர் பட்டியலில் தன் பேரைக் கேட்ட கதை. சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளைக்காரன் துருக்கியோடு போட்ட பஸ்ரா சண்டை முடிந்து மூன்றாம் வருஷம். குடியாத்தம் பக்கம் கூடலேரி என்று நாற்பது வீட்டு ஊர். அந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் ஹைதராபாத் பக்கம் லாலாகுடா ரயில் பட்டறையில் வேலை பார்த்தார்கள். சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்கள் பேரைக் கல்லில் வெட்டி ஊர் ஏரிக்கரையில் நட வேண்டும் என்று அவர்களாகவே பேசி முடித்து, பக்கத்து உப்பலில் ஒரு கல்தச்சரைப் பிடித்தார்கள். தச்சர் தெலுங்கர். சுண்ணாம்புக் கட்டியால் கல்லின் மேல் எழுதிக் கொடுத்தால் அந்தக் கோட்டிலேயே உளியை ஓட்டுவார். எழுதத் தெரிந்தவன் நடேசன். சுண்ணாம்புக் கட்டியோடு கல் முன்னால் குந்தினான்.

மேஸ்திரி ஜெகநாதன் சர்க்கார் பட்டியலைப் படித்தார். நாலு பேர் எழுதியாயிற்று. ஐந்தாவதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"டேய் நடேசா, உன் பேரும் கீதுடா! செத்தவனே வந்து கல்லு எழுதறான் பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நடேசனும் சிரித்தான். இத்தனை வருஷமாக அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வேற எவனோ நடேசன். வுட்டுத்தள்ளு" என்றார் மேஸ்திரி.

"நாலுகா, ஐதா?" என்று தச்சர் ஒரு கையில் நாலு விரலும் மறு கையில் ஐந்து விரலும் காட்டினார்.

நடேசன் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தான். எதிரே தாயம்மாள் நின்றிருந்தாள், அவனுடைய கூட்டாளி பெருமாளின் பெண்டாட்டி. நாலாவதாக எழுதியிருந்த குணசேகரன் அவள் தம்பி. படிக்கத் தெரியாததால் எழுத்தின் மேல் தொடாமல் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் எவளையோ கூட்டிக்கொண்டு ரங்கூன் ஓடிவிட்டான் என்று பட்டறைக் காலனி முழுக்கப் பேச்சு. குழாயடியில் அதைச் சொல்லியே அவளுக்கு முன்னால் குடத்தை வைப்பார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆஜர் எடுக்கும்போது கூட்டாளி வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்பவன் அவனுக்கும் சேர்த்து "ஹாஜர்" சொல்லிவிடுவான். நடேசனும் பெருமாளும் ஒருவருக்கொருவர் எத்தனையோ நாள் சொன்னதுதான். பட்டாளத்துக்கு யாருக்கும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டவன் நடேசன். பெருமாளுக்கு மட்டும் தெரியும், வழியனுப்ப வந்தான். பிளாட்பாரத்தில் பேர் கூப்பிட்டபோது நடேசன் பயந்து கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். "நடேசன்!" என்றதும் பழக்கதோஷத்தில் பெருமாள் "ஹாஜர்!" என்றான். உடனே வரிசையில் தள்ளி ரயிலேற்றிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நடேசனைப் பிடித்து அடைப்பார்களே என்று பெருமாள் வாயைத் திறக்கவில்லை. இதோ ஓடி வந்துவிடுவான் என்று ஜன்னலில் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தான். நடேசன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். பத்தடி எடுத்து வைத்திருந்தால் போதும், கண்ணுகளா. வைக்கவில்லை.

"இன்னாண்ணா, கை வலிக்குதா?" என்றாள் தாயம்மாள். "கொஞ்சம் எழுந்து நின்னுக்கோ. என் தம்பி பேரை அழகா எழுதிக்கீறியாமே."

அந்த வார்த்தையை அவனால் தாங்க முடியவில்லை.

"அஞ்சு பேரும்மா" என்றான். "பெருமாள் ஓடிப்போவல. என் பேர்ல போனான். என் பேர்லயே செத்தான்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மேஸ்திரி பட்டியலை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நடேசன் நிறுத்தவில்லை. "அங்கேர்ந்து கார்டு ஒண்ணு என் வீட்டுக்கு வந்திச்சு. உன்கிட்ட சொல்லச் சொல்லி. நான்தான் கிழிச்சிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"இன்னா எழுதியிருந்தாரு?"

"மழைக்கு முன்னாடி கூரை மாத்திடச் சொல்லு, கெயக்கால சுவரு ஊறிக்கினு கீதுன்னு."

தாயம்மாள் கல்லின் மேலிருந்த விரலை எடுத்தாள். "அந்த மழையிலதான் அந்தச் சுவரு வுழுந்திச்சு" என்றாள். பிறகு, "எழுது."

பெருமாள் என்று எழுதினான். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. தச்சர் முகத்தைச் சுளித்து, அழித்துவிட்டு நேராக எழுதச் சொல்லி ஜாடை காட்டினார்.

"நக்கோ, அழிக்க வேணாம்" என்றாள் தாயம்மாள். "அப்படியே வெட்டு."

முதல் அடிக்கே கல் ஆடியது. அவள் குந்தி உட்கார்ந்து ஒரு விளிம்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறு விளிம்புக்கு ஆள் வேண்டியிருந்தது. யாரும் நகரவில்லை. நடேசன் போய் உட்கார்ந்தான். வா என்றும் சொல்லவில்லை அவள், எழுந்து போ என்றும் சொல்லவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். உளி விழ விழ, வெள்ளைத் தூள் இரண்டு பேர் கையிலும் படிந்தது.

போய் வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்காகவும் ஒரு தட்டுச் சோறு ஆறிக் கிடக்க வேண்டாம். போனவர்கள் எல்லாரும் விளக்கு வைக்கும் முன்னே வாசல் வந்து சேரட்டும்.